அண்ணன் தோட்டத்துச் சேலை வேலி

காட்டுப்பன்றிக்குச் சேலை ஆகாது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, உடுத்துப் பழசான சேலைகளை வரிசையாகக் கட்டிவிட்டால் பன்றி உள்ளே வராது. மனுஷ வாடைக்குப் பயந்தா, நிறத்துக்குப் பயந்தா, ஏதோ ஆடுகிறதே என்று பயந்தா என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எப்படியோ வராது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தில், ரப்பரும் ஏத்தன் வாழையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் போட்டிருக்கிற ஊர்கள் வழியாகப் பஸ்ஸில் போனால் பாதித் தோட்டங்கள் ஜவுளிக்கடை மாதிரிதான் தெரியும்.

அந்த மலையோரத்தில் நான் வனக்காப்பாளராக வேலை பார்க்கிறேன். காக்கி உடுப்பு, ஒரு பீட். பீட் என்றால் என் பொறுப்பில் விட்டிருக்கிற ஒரு துண்டுக் காடு. சொந்த ஊரை ஒட்டிய பீட்டையே கொடுத்தார்கள், இவளுக்கு ஆட்களைத் தெரியும், பேசிச் சமாளிப்பாள் என்று. என் அண்ணனுடைய தோட்டம் அந்தக் காட்டின் விளிம்பில் இருக்கிறது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவனுடைய கடைசி வாழை வரிசை, அந்தப் பக்கம் அரசாங்கம்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். இந்த வேலைக்கான தேர்வில் நெடுந்தூரம் வேகமாக நடந்து காட்ட வேண்டும். பெண்பிள்ளை தனியாக விடியலில் நடக்க வேண்டாம் என்று சானல் என்று நாங்கள் சொல்லும் வாய்க்கால் கரையில் தினமும் என்னோடு நடந்தான். பழக்கமில்லாத அவனுக்குத்தான் கால் வீங்கியது. வேலை கிடைத்த அன்றைக்கு அவன் நாமம் போட்டுத் தலைப்பாகை கட்டித் எங்கள் அய்யாவழிக் கோயிலான தாங்கலுக்குப் போய் அய்யாவைக் கும்பிட்டு வந்தான். மறுநாளிலிருந்து ஊரிலுள்ள பன்றிகளையெல்லாம் என் ஆபீஸ்காரர்கள் ஆக்கிவிட்டான்.

"ஏட்டி, உனக்க ஆபீஸ்காரனுவ ராத்திரி வந்திருந்தானுவ. மரச்சீனி ஒரு மூட்டுகூட மிச்சமில்ல. ஒரு கையெழுத்துகூடப் போடாமப் போயிருக்கானுவ."

நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது? காட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பயிரை அழிக்கும் பன்றியைத் துறையே சுடலாம் என்று ஆணை இருக்கிறது. காட்டை ஒட்டிய இடத்தில் சுடக்கூடாது. எங்கே பன்றி அதிகமோ அங்கே கை வைக்க முடியாது என்று அர்த்தம். இதை நான் அண்ணனுக்கு விளக்கிச் சொன்னபோது அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தோட்டத்தைத் தூக்கிட்டு கோட்டாறு கடைத்தெருவுக்குப் போகட்டா?" என்றான். காட்டுக்குள் இருக்கிற மிருகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

எனக்கு ஒரு பயமும் இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் பன்றிக்காக வேலியில் கரண்ட் விட்டிருந்தார். விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டப் போய், பால் எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு ஆள் அதை மிதித்து அங்கேயே செத்துப்போனார். அவர் கையில் பால் வாளி அப்படியே இருந்தது. பால் சிந்தி உறைந்து போயிருந்தது. அங்கே நின்ற காக்கி உடுப்புகளில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு போன் போட்டு, "நீ மட்டும் கம்பி கெட்டினேன்னு கேள்விப்பட்டா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்று அழுதேன். அவன், "நான் அப்பிடிப்பட்ட ஆளா மக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் ஊர் சர்ச் ஹாலில் துறை சார்பில் ஒரு கூட்டம் போட்டோம். ஊர்ப் பிள்ளை என்பதால் என்னையே பேசச் சொன்னார்கள். கம்பி வேண்டாம் என்றேன். பழத்துக்குள் வெடி வைத்துப் பன்றியின் வாயைச் சிதறடிக்கிற வேலை வேண்டாம் என்றேன். சேலை கட்டுங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். எந்தக் காட்டு மிருகமாவது எங்காவது மாட்டிக்கொண்டால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். மிளா மான் மாதிரி மிருகங்கள் அடிபட்டுச் சாவதைவிட, மனுஷன் பிடித்த பயத்தில் சாவதுதான் அதிகம். இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், பொய்யும் இல்லை. ஹாலில் பாதிப் பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

சேலை சேர்த்தது மைனி, அதாவது அண்ணன் மனைவி. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். முதலில் வந்தது எல்லாம் பருத்திச் சேலை. எங்கள் பக்கம் இரண்டு மழையும் விடாது பெய்கிற இடம், ஒரே மழைக்காலத்தில் எல்லாம் நைந்து போய்விட்டது. இரண்டாம் முறை நைலான் சேலையாகப் பார்த்து வாங்கினாள். அதை மழை ஒன்றும் செய்யவில்லை, காற்றுதான் செய்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையப் போகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் எங்கள் ஊரையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வேலி ரப்பர் மரங்களின் உச்சியில் தொங்கும். மைனி கீழே நின்று, "அது பெரியம்மைக்க சேலை, இது டீச்சருக்க சேலை" என்று அடையாளம் சொல்லுவாள், அண்ணன் நுனியில் கொக்கி வைத்த தோட்டியைப் போட்டு இழுப்பான்.

கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். சேலையின் மேல் கரையையும் கீழ்க் கரையையும் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கி, முறுக்கு அவிழாமல் குச்சிக்குக் குச்சி முடிச்சுப் போட்டான். நடுத்துணி மட்டும் விரிந்து ஆடும். எவ்வளவு காற்று அடித்தாலும் பிய்யவில்லை. அதைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். நானும் போய்ப் பார்த்து, "நீ என்ஜினியராப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். காற்றைத்தான் எல்லாரும் நினைத்தோம். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் பன்றி வரவில்லை. வாழை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேலே போய், குலை தள்ளி, முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓணத்துக்கு ஏத்தன் குலை எடுக்கும் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, இந்தக் குலைகளை வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம், நேரே தோட்டத்திலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சந்தோஷமாக இருந்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

குலை வெட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவனிடமிருந்து போன் வந்தது. குரல் மெல்லமாக இருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல.

"ஏட்டி, ஒரு மிளா வேலியில மாட்டிக்கிட்டு கெடக்கு. கொம்பன். உயிர் இருக்கு. நான் தொடலை, கேட்டியா. நீ சொன்னபடியே தள்ளித்தான் நிக்கேன். சட்டுன்னு வா."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டே ரேஞ்சருக்குச் சொன்னேன். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், வடக்கே ஒரு காய்ந்த ஜில்லாக்காரர். "டாக்டர் வராம யாரும் கிட்டப் போகக் கூடாதும்மா" என்றார். கால்நடை டாக்டரைக் கூப்பிட்டால் அவர் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருந்தார். வருகிறேன் என்றார்.

நான் போகும்போது அண்ணன் வாழைகளுக்கு நடுவே, வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவனைத் திட்டிக்கொண்டிருந்த பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். "நான் வந்த நேரத்திலேயே சொல்லுதேன், அறுத்து விடுலேன்னு. இவன் உனக்க பேச்சைக் கேட்டுட்டு மரம் மாதிரி நிக்கான்."

மிளாவின் கொம்பு முறுக்கின சேலையில் மாட்டியிருக்கிறது. விடுவித்துக்கொள்ளச் சுற்றியிருக்கிறது. சுற்றச் சுற்ற சேலை கழுத்தில் ஏறி இறுகியிருக்கிறது. பருத்தியாக இருந்தால் கிழிந்திருக்கும். முறுக்காமல் இருந்தாலும் கிழிந்திருக்கும். குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு முன்னங்கால் மடிந்து கிடந்தது. நாக்கு வெளியே வந்து மண் ஒட்டியிருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மூச்சு எப்போதாவது ஒன்று வந்தது. அந்த மூச்சுக்கு இடையில் எனக்கு ரேஞ்சரும் தெரியவில்லை, பயிற்சியும் தெரியவில்லை. அண்ணன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி அறுத்தேன். நைலான் சீக்கிரம் அறுபடவில்லை. அறுபட்டதும் அந்தப் பெரிய உடம்பு ஒரு தடவை உதறியது. எழுந்துவிடும் என்று பின்னால் நகர்ந்தேன். எழவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துத் தலையில் கட்டினான். மற்றவர்கள் மரியாதைக்குத் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள், நாங்கள் கட்டுவோம். தாங்கலில் நிற்பது போலவே நின்றான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்: "நான் அப்பவே அறுத்திருந்தா பொழச்சிருக்குமாட்டி?"

தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. அவன் தொட்ட பயத்தில் அப்போதே செத்திருக்கலாம். எழுந்து காட்டுக்குள் ஓடியும் இருக்கலாம்.

ரேஞ்சர் வந்து முதலில் மிளாவைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார். குனிந்து, முறுக்கை விரலால் நெருடி, "இது வேலி இல்லையேம்மா. இது கண்ணி" என்றார்.

"காத்துக்காக முறுக்கினது சார்."

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கென்று ஒரு வாழையிலை ஆடவில்லை. "எந்தக் காத்து?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். இந்த ஊரில் ஒரு ஆடி மாதம் இருந்த ஆளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, இல்லாத ஆளுக்கு விளக்க முடியாது. ஊரில் பாதித் தோட்டம் இப்படித்தான் கட்டியிருக்கிறது என்று அண்ணன் சொல்லப்போனான். நான் கண்ணைக் காட்டினேன். அதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் மேல் கேஸ் வரும்.

கூட்டத்தில் நான்தான் சேலை கட்டச் சொன்னேன் என்றும், டாக்டர் வருவதற்கு முன் சேலையை அறுத்தது நான் என்றும் ரேஞ்சரிடம் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். "கட்டச் சொன்னீங்க சரி. முறுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதற்குள் யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது, மேலேயிருந்து போன் மேல் போன். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "நான் எழுதலைன்னா நாளைக்கு என்னைக் கேப்பாங்கம்மா" என்றார். அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். தலையில் கட்டின தோர்த்தை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தான்.

மிளாவை டாக்டர் அறுத்துப் பார்த்த பிறகு, சட்டப்படி, கொம்போடு எரித்தோம். கண்ணி வைத்து வேட்டையாடினான் என்று எழுதி, அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வேலி முழுவதும் கேஸுக்கான தொண்டிப் பொருள் ஆயிற்று. தோட்டத்தைச் சுற்றியிருந்த அத்தனை சேலையையும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவிழ்த்து, மூட்டை கட்டி ஆபீஸ் அறையில் போட்டோம். பெரியம்மை சேலை, டீச்சர் சேலை, நான் கல்லூரிக்கு உடுத்திய சேலைகூட ஒன்று அதில் இருந்தது. எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

வேலி போனதும் பன்றிகள் வந்தன. மைனி போனில் அழுதாள்.

"அவரை விடலைன்னா போட்டும் மக்கா. அந்தச் சேலையளையாவது தந்திரலாம்லா? குலையெல்லாம் கெடந்து போகுதே."

ரேஞ்சரிடம் கேட்டேன். கேஸ் முடியட்டும் என்றார். பன்றிகள் வாழையை அடியோடு சாய்த்து, குலையில் பாதி தின்று பாதி மிதித்துப் போட்டன. மைனி டின்னைத் தட்டிக்கொண்டு ஓடியதில் கால் சறுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். ஓண வியாபாரி வந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜாமீனில் வந்த அண்ணன் வாரா வாரம் எங்கள் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவான். ஆபீஸுக்குள் செருப்போடு வரலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் டீ வாங்கி வைத்தால் தொடமாட்டான். ஒரு நாள் பேனா எழுதவில்லை. அவன் என்னைப் பார்த்து, "மேடம், வேற பேனா இருக்கா?" என்றான். பேனாவைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். என்னோடு சானல் கரையில் நடந்தவன் என்னை மேடம் என்கிறான். இதற்காகவா அவன் கால் வீங்க நடந்தான்?

அவன் கோபத்தில் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடுப்புப் போட்டவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஜெயிலில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஊரிலும் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். முன்பெல்லாம் மலைப்பாம்பு கோழிக்கூட்டில் கிடந்தாலும், மயில் கம்பியில் அடிபட்டாலும் எனக்குத்தான் போன் வரும். சோற்றில் கை வைத்த நேரத்தில் வந்தாலும் எழுந்து ஓடியிருக்கிறேன். இப்போது போன் வருவதே இல்லை. மாதக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் என் பீட்டில் ஒரு சம்பவமும் இல்லை என்று பாராட்டினார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். என் காட்டில் மிருகம் சாகாமல் இல்லை. எனக்குத் தெரியாமல் சாகிறது.

மழைக்காலம் கழிந்து ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காக்கி இல்லாமல், சுடிதாரில், வடசேரியில் வாங்கின பலகாரப் பொட்டலத்தோடு. மைனி தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தாள். ஒடிந்த கை இன்னும் சரியாகக் கூடவில்லை. தோட்டத்துக் கிணற்றில் வேண்டிய அளவு தண்ணீர் கிடக்கும் காலம் அது. எதற்கு இந்தக் கையோடு சுமக்கிறாய் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெணத்துத் தண்ணி இப்ப எடுக்காண்டாம் மக்கா. நீ உள்ள வந்து இரி."

நான் உள்ளே போகாமல் கிணற்றுக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. தண்ணீரில் கேளையாடு என்கிற சின்ன மான் ஒன்று உப்பி மிதந்தது. பெட்டை. கிணற்றின் செம்மண் பக்கவாட்டில், தண்ணீருக்கு மேலே, முன்னங்கால் எட்டுகிற உயரம் வரைக்கும் குளம்பு கீறிய கோடுகள். எத்தனை தடவை ஏறப் பார்த்து விழுந்ததோ. அண்ணன் பின்னால் வந்து நின்றான்.

"எப்பண்ணே விழுந்துது?"

"முந்தாநாத்து காலையில. கொஞ்ச நேரம் நீந்திச்சு. பொறவு கத்திச்சு. நாய் கொரைக்க மாதிரி கத்தும்லா, அதுபோல. பொழுதடையுத வரைக்கும் கத்திட்டே கெடந்துது."

மூங்கில் ஏணி வாழைக்கூட்டத்தில் சாய்த்தபடியே இருந்தது. கயிறும் இருந்தது. என் கண் போன இடத்தை அவனும் பார்த்தான்.

"எறங்கியிருந்தா எடுத்திருக்கலாம். சின்ன உருப்படிதான். தொட்டா குத்தம், விட்டா குத்தம். எனக்கு அந்தச் சத்தம் கேட்டுட்டு இருக்க முடியலை. தாங்கலுக்குப் போய் உக்காந்துட்டேன். அங்க கேக்காது."

"என்னையாவது கூப்பிட்டிருக்கலாம்லாண்ணே" என்றேன். சொல்லும்போதே அந்த வார்த்தை எனக்குக் கேவலமாக இருந்தது.

அவன் வீட்டுக்குள் போனான். நான் அங்கேயே நின்றேன். மைனி உள்ளே எதையோ சொல்லிக் கெஞ்சுவது கேட்டது. திரும்பி வந்தபோது அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் மடித்த ஒரு கைலிச் சாரமும் சோப்பும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜீப்பை இங்கோட்டு வரச் சொல்லாண்டாம், பிள்ளையள் பயந்துபோவும். நான் உனக்க வண்டியிலேயே ஆபீஸுக்கு வாறேன்" என்றான்.

என் போன் பைக்குள்தான் இருந்தது. நான் அதை எடுக்கவே இல்லை.